ஸ்கேனுக்கு முன்னால் டொக்டர் கேட்பது: பிள்ளைக்கு வலிப்பு வந்தால் வீட்டார் சொல்ல வேண்டியவை

மட்டக்களப்பு என்றாலும் சரி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்றாலும் சரி, சின்னப் பிள்ளை ஒன்றுக்கு முதன்முதல் வலிப்பு வந்துவிட்டால் வீட்டில் எழுகிற பேச்சு ஒன்றுதான்: "ஒரு ஸ்கேன் எடுத்தா என்னெண்டு தெரிஞ்சிரும்தானே?" பிள்ளையை வாட்டில் சேர்த்து, காய்ச்சல் பார்த்து, விரலில் குத்திச் சீனி பார்த்து, ரத்தமும் எடுத்து முடிந்த பிறகு டொக்டர் கட்டிலருகே வந்து நிற்கிறார். ஸ்கேனைப் பற்றி அவர் வாயே திறப்பதில்லை. கேள்வி கேட்கத் தொடங்குகிறார். எத்தனை மணி இருக்கும்? பிள்ளை நித்திரையா, விழிப்பா? எந்தக் கை முதலில் இழுத்தது? கண் மேலே செருகியதா, ஒரு பக்கம் திரும்பியதா? அடங்கியதும் அழுததா, அப்படியே தூங்கிப்போனதா? இதற்கு முன் எப்போதாவது? குடும்பத்தில் யாருக்காவது?

பயந்துபோய், கண்ணில் பொட்டு நித்திரை இல்லாமல் நிற்கிற தாய் தகப்பனுக்கு இது தேவையில்லாத விசாரணை மாதிரிப் படும். மெஷின் இருக்க எதற்கு இத்தனை கேள்வி என்று தோன்றும். ஆனால் அந்தக் கேள்விகள்தான் முதல் சோதனை. பெரிய சோதனையும் அதுதான். பின்னால் எடுக்கப்படும் ஈ.ஈ.ஜி.யையும் (மூளையின் மின்னசைவைப் பதியும் சோதனை) எம்.ஆர்.ஐ.யையும் (காந்தத்தால் எடுக்கும் மூளைப் படம்) அந்தப் பதில்களோடு சேர்த்துத்தான் டொக்டர் வாசிப்பார். இது விளங்காமல் போனால், ஒவ்வொரு சோதனையிலும் அதனால் சொல்ல முடியாத விடையை எதிர்பார்த்து எதிர்பார்த்து வீடு களைத்துப்போகும்.

காரணம் எளிதானது. அநேகமான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். ஆட்டோவைக் கூப்பிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேரும்போது பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் விழித்துத் தண்ணீர் கேட்கும். வலிப்பை டொக்டர் காண்பதே அரிது. கண்டவர் வீட்டில் இருக்கிறார். அந்தக் கண்கள் கண்டதைத்தான் டொக்டர் கடன் வாங்குகிறார்.

உலக அளவில் வலிப்பு நோய்க்கு வரையறை வகுக்கும் மருத்துவச் சங்கம் 2014 இல் தந்த நடைமுறை வரையறையையும் பாருங்கள். காய்ச்சல், சீனி குறைதல், தலையில் அடிபடுதல் போன்ற உடனடிக் காரணம் எதுவும் இல்லாமல், 24 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் இரண்டு முறை வலிப்பு வந்திருந்தால் அது வலிப்பு நோய். ஒரே ஒரு தடவை வந்திருந்தாலும், அடுத்த 10 வருடத்தில் மீண்டும் வரும் வாய்ப்பு குறைந்தது 60 சதவீதம் என்று கணிக்க முடிந்தால் அதுவும் வலிப்பு நோயே. குறிப்பிட்ட ஒரு வலிப்பு நோய் வகையின் அடையாளங்கள் பொருந்தி வந்தாலும் அப்படித்தான். இந்த வரையறையின் முதல் வரிக்கு எந்தப் படமும் தேவையில்லை. என்ன நடந்தது, எப்போது நடந்தது என்பது தெரிந்தால் போதும். முதல் வலிப்புக்குப் பிறகு மருந்து எழுதாமல் "பொறுத்துப் பார்ப்போம்" என்று டொக்டர் சொன்னால் அது அசட்டை என்று நினைக்கத் தேவையில்லை. வரையறை நிறைவேறும் வரை பொறுப்பதும் வைத்தியத்தில் சேர்த்திதான்.

வலிப்பு மாதிரி இருப்பவையும், வலிப்பு மாதிரியே இல்லாதவையும்

கதை ஏன் இவ்வளவு முக்கியம் என்பது, ஒன்றுபோல் தெரிகிற விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது விளங்கும்.

முதலில் காய்ச்சல் வலிப்பு. ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளில் 100 க்கு 2 முதல் 5 பேருக்கு இது வருகிறது. உடல் முழுவதும் ஒரே மாதிரி இழுத்து, 15 நிமிடத்துக்குள் அடங்கி, அந்த 24 மணித்தியாலத்தில் மறுபடி வராவிட்டால் அதைச் சாதாரண காய்ச்சல் வலிப்பு என்பார்கள். மூன்றில் ஒரு பிள்ளைக்கு இன்னொரு காய்ச்சலில் திரும்பவும் வரலாம். ஆனால் பிற்காலத்தில் வலிப்பு நோயாக மாறுவது 100 க்கு ஒன்றிரண்டு பேரில்தான். இந்த வகைக்கு ஈ.ஈ.ஜி.யும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் நடைமுறை. அப்படியானால் ஸ்கேன் வேண்டாம் என்று டொக்டர் முடிவெடுத்தது எதை வைத்து? "முழு உடம்பும் இழுத்ததா, ஒரு பக்கம் மட்டுமா? எவ்வளவு நேரம்?" என்ற கேள்விகளுக்கு வீட்டார் சொன்ன பதிலை வைத்துத்தான். ஒரு பக்கம் மட்டும் இழுத்தது என்றாலோ, அரை மணித்தியாலம் நீடித்தது என்றாலோ பாதையே வேறாகிவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். காய்ச்சல் பாணியை நேரத்துக்கு நேரம் கொடுத்திருந்தால் வலிப்பு வந்திருக்காது என்று தாய்மார் தங்களையே நொந்துகொள்வார்கள், உறவுக்காரரும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். காய்ச்சல் மருந்து பிள்ளையின் உடம்பு அலுப்பைக் குறைக்கும். காய்ச்சல் வலிப்பைத் தடுக்காது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. யாரும் யாரையும் குற்றம் சொல்ல இதில் இடமில்லை.

அடுத்தது, அழுது அழுது மூச்சடைத்து நீலம் பாய்கிற பிள்ளை. விளையாட்டுச் சாமானைப் பறித்துவிட்டால் ஓங்கி அழும், மூச்சை வெளியே விட்டபடி அப்படியே நின்றுவிடும், உதடு நீலமாகும், துவண்டு விழும், சிலவேளை கைகால் ஒரு வெட்டு வெட்டும். பார்த்தவர் உயிரே போனது போல் கத்துவார். இது வலிப்பு நோயில் சேராது. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குப் பிறகு தொடங்கி, பள்ளிக்கூடம் போகும் வயதோடு தானாக நின்றுவிடும். இரும்புச்சத்துக் குறைவோடு இதற்குத் தொடர்பு இருப்பதால், ரத்தம் பார்த்து இரும்புச் சத்துப் பாணி கொடுப்பார்கள். வலிப்பு எது, மூச்சடைப்பு எது என்று பிரிப்பதற்கு இருக்கிற முக்கிய வழி, விழுவதற்கு முந்திய அரை நிமிடத்தில் என்ன நடந்தது என்பதுதான். அழுகை முன்னால் வந்ததா, விழுந்த பிறகு வந்ததா?

இவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில், வலிப்பு என்று யாருமே நினைக்காத வலிப்புகள் இருக்கின்றன. கைக்குழந்தை, அதுவும் மூன்று மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில், நித்திரையால் எழும்பியதும் தலையைச் சட்டென்று முன்னால் குனிந்து, இரண்டு கையையும் விரித்துக் கூட்டும். ஒரு நொடி. பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று என்று வரிசையாக வரும். வயிற்றுக்குத்து என்பார்கள், திடுக்கிடுது என்பார்கள், பால் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். இதை முதன்முதலில் எழுதி வைத்தவர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கில வைத்தியர். 1841 இல் லான்செட் என்ற மருத்துவ இதழுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். அவர் விவரித்த பிள்ளை அவருடைய சொந்த மகன். நாலு மாதம் வரை நன்றாக வளர்ந்த பிள்ளை தலையை மெல்ல முன்னால் அசைக்கத் தொடங்கியதையும், பிறகு அது கூடிக் கூடி, வணங்குவது போல் அடுக்கடுக்காக வந்ததையும் அவர் ஒன்றும் விடாமல் எழுதினார். சலாம் போடுவது போல் இருப்பதால் அந்தக் காலத்து வைத்தியர் ஒருவர் அதற்குச் சலாம் வலிப்பு என்றே பெயர் சொன்னதாகவும் குறிப்பிட்டார். அப்போது ஈ.ஈ.ஜி. கிடையாது. ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மன் வைத்தியர் மனித மூளையின் மின்னசைவை முதன்முதல் பதிந்ததே 1924 இல்தான். இந்த நோய்க்குரிய ஒழுங்கில்லாத மூளை அலை வடிவம் 1950 களில்தான் விவரிக்கப்பட்டது. நூறு வருடத்துக்கு மேலாக இந்த நோயை வைத்தியர்கள் அடையாளம் கண்டது ஒரு தகப்பன் கண்ணால் கண்டதை எழுதி வைத்ததால். இன்றைக்கும் அது வெஸ்ட் சின்ட்ரோம் என்றே அழைக்கப்படுகிறது. இந்த வகையில் தாமதம் கூடாது. மருந்து எவ்வளவு வேளைக்குத் தொடங்குகிறதோ அவ்வளவுக்குப் பிள்ளையின் வளர்ச்சிக்கு நல்லது. ஒரு கைக்குழந்தை இப்படி அடுக்கடுக்காகக் குனிகிறது என்றால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம். போனில் படம் பிடித்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கண்டவர் ஒருவர், கிளினிக்குக்குப் போகிறவர் இன்னொருவர்

இங்கேதான் எங்கள் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. கிழக்கில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் கலியாணத்துக்குப் பின் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பதே வழக்கம். பிள்ளை வளர்வது அம்மம்மாவின் கண்முன்னால், உம்மம்மாவின் கண்முன்னால். பெரியம்மா, சின்னம்மா எல்லாரும் ஒரே வளவுக்குள் அல்லது கூப்பிடு தூரத்தில். தாய் மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போயிருந்தால் பிள்ளையின் பகலும் இரவும் முழுக்க அம்மம்மாவிடம்தான். ஆனால் கிளினிக்குக்குப் பிள்ளையைக் கொண்டுபோவது பெரும்பாலும் தகப்பன், அல்லது தாய், அல்லது வாசிக்கத் தெரிந்த ஒரு சித்தி. கண்டவருக்கு முழங்கால் வருத்தம், பஸ் ஏற மாட்டார். போகிறவர் எதையும் காணவில்லை. டொக்டரின் கேள்விக்கு "பிட்ஸ் வந்ததாம் டொக்டர்" என்பதற்கு மேல் அவரால் போக முடியாது.

அதன் மேல் மொழி. அம்பாறை நகரத்து ஆஸ்பத்திரியிலோ, கொழும்புக்கு அனுப்பினால் பொரளையில் இருக்கிற லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலோ, பார்க்கிற டொக்டர் சிங்களம் பேசுகிறவராக இருக்கலாம். பக்கத்துக் கட்டில் தாயோ, தாதியோ மொழிபெயர்ப்பார்கள். அம்மம்மா கண்டது தகப்பன் வாய்க்கு வந்து, அங்கிருந்து இன்னொருவர் வாய்வழி சிங்களத்துக்குப் போகும்போது, எந்தக் கை, எந்தக் கண், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடும். மிச்சம் இருப்பது ஒற்றைச் சொல். அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எந்தக் கெட்டிக்கார நிபுணராலும் ஒன்றும் செய்ய முடியாது.

என் மகள் விஷயத்தில் எங்களைக் காப்பாற்றியது என் மாமியாரின் கண். அவளுக்கு அப்போது ஐந்து வயது. ஒரு நாளும் கீழே விழுந்தவளில்லை, கைகால் இழுத்ததும் இல்லை. சோறு ஊட்டும்போது வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடுவாள். கூப்பிட்டாலும் கேட்காது, தோளைத் தட்டினாலும் திரும்ப மாட்டாள். மாமி பத்து எண்ணுவதற்குள் ஒன்றும் நடக்காதது போல் வாயை மூடிச் சோற்றைச் சப்பத் தொடங்குவாள். நேர்சரி ரீச்சர் "பிள்ளை கவனமில்லை, கனவு காணுறா" என்று சொல்லியிருந்தார். மாமிதான் விடாமல் சொன்னார்: "கனவெண்டா தொட்டா முழிக்கும் மனே. இது தொட்டாலும் முழிக்கிதில்ல. கண்மடல் துடிக்கிது." பகல் கனவையும், சில விநாடி நினைவு தவறும் வலிப்பையும் பிரிக்க மருத்துவப் புத்தகங்கள் சொல்லும் அடையாளங்களும் இவைதான். தொட்டாலும் தெளியாது, பேச்சும் செயலும் நடுவில் அறுபடும், சட்டென்று தொடங்கிச் சட்டென்று முடியும், கண்மடல் மெல்லத் துடிக்கும், நாளுக்குப் பல தடவை வரும். மாமி கிளினிக்குக்கு வரவில்லை. அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதிக் கொண்டுபோனோம். போனில் பிடித்த சின்னப் படமும் இருந்தது.

அந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டில் எடுத்த ஒரு நிமிடப் படம் சில வேளை ஒரு சோதனைக்குச் சமம். முகத்தை மட்டும் பிடிக்காமல் முழு உடம்பும் தெரியப் பிடியுங்கள். போர்வையை விலக்குங்கள், லைட்டைப் போடுங்கள். பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், அது திரும்புகிறதா என்பதும் பதிவாகட்டும். அடங்கிய பிறகும் ஒன்றிரண்டு நிமிடம் நிறுத்தாமல் பிடியுங்கள், ஏனென்றால் அடங்கியபின் ஒரு கை மட்டும் சோர்ந்து கிடக்கிறதா என்பதும் டொக்டருக்குத் தேவை. பிள்ளை துடிக்கும்போது படம் பிடிப்பதா என்று மனம் கூசும், எனக்கும் கூசியது. ஒருவர் பிள்ளையைப் பார்க்க, மற்றவர் பிடிக்கலாம். பிடித்ததை வாட்ஸ்அப்பில் சொந்தக்காரருக்கு அனுப்ப வேண்டாம். அது பிள்ளையின் மானம்.

ஈ.ஈ.ஜி. அறையில்

ஈ.ஈ.ஜி. என்றதும் வயதானவர்கள் "தலைக்குக் கரண்ட் பிடிக்கப் போறாங்க" என்று பதறுவார்கள். மூளைக்குள் எதுவும் செலுத்தப்படுவதில்லை. மூளை தானாக எழுப்பும் மின்னசைவைத் தோலின் மேலிருந்து கேட்பதுதான் அந்த மெஷினின் வேலை. அந்த மின்னசைவு மிகமிகச் சின்னது, மைக்ரோவோல்ட் கணக்கில் சில பத்துகள். டோர்ச் லைட் பற்றரி ஒன்று 1.5 வோல்ட், அதாவது 15 லட்சம் மைக்ரோவோல்ட். இவ்வளவு மெல்லிய சைகையைப் பிடிக்க வேண்டும் என்பதால்தான் தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது என்கிறார்கள். எங்கள் பிள்ளைகளின் தலை தேங்காய் எண்ணெயில் ஊறிய தலை. முதல் நாள் இரவு ஷாம்பு போட்டு நன்றாகக் கழுவி, காலையில் எண்ணெய் வைக்காமல் கொண்டுபோக வேண்டும்.

நித்திரையைக் குறைத்துக் கொண்டுவரச் சொல்வார்கள். சில வகை வலிப்பின் அடையாளம் தூக்கம் வரும் நேரத்திலும் தூக்கத்திலும்தான் நன்றாகத் தெரியும். வெள்ளாப்பில் எழுப்பி, பஸ்ஸில் தூங்கவிடாமல் கதை சொல்லிக் கொண்டுபோவது லேசுப்பட்ட காரியமில்லை. குழந்தைக்கு எரிச்சல், தாய்க்கு அதைவிட எரிச்சல். அறைக்குள் போனதும் தலையில் அளவு பிடித்து, பசை தடவி, 21 இடங்களில் சின்னச் சின்ன வட்டத் தகடுகளை ஒட்டுவார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நிற வயர். என் மகள் கண்ணாடியில் பார்த்துவிட்டு முதலில் அழுதாள், பிறகு தன் பொம்மைக்கும் ஒட்டச் சொன்னாள். அந்தத் தொழில்நுட்பவியலாளர் ஒரு துண்டுப் பிளாஸ்டரைக் கிழித்துப் பொம்மையின் நெற்றியில் ஒட்டினார். அதற்குப் பிறகுதான் பிள்ளை படுத்தாள்.

பதிவு அரை மணித்தியாலம் போல் நடக்கும். கண்ணை மூடு, திற என்பார்கள். முகத்துக்கு நேரே லைட் மின்னி மின்னி அணையும். மூன்று நிமிடம் போல ஆழமாக மூச்செடுத்து விடச் சொல்வார்கள். சின்னப் பிள்ளைக்குக் காகிதக் காற்றாடியைக் கொடுத்து ஊதச் சொல்வது வழக்கம். என் மகள் ஊதிக்கொண்டிருந்தவள் நின்றாள். காற்றாடி மெல்லச் சுழன்று ஓய்ந்தது. வாய் குவிந்தபடி, கண்மடல் துடிக்க, அவள் எங்கேயோ பார்த்தாள். திரையில் அதுவரை புல்லுப் போல் ஓடிக்கொண்டிருந்த கோடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் உயர்ந்து, விநாடிக்கு மூன்று என்ற கணக்கில் ஒழுங்காக எழுந்து விழுந்தன. பிறகு திடீரென்று சமதரையானது. அவள் மறுபடி ஊதினாள். மாமி விரல் மடித்து எண்ணிக்கொண்டிருந்ததுதான் அந்தத் திரையில் ஓடியது.

எல்லாருக்கும் இப்படித் தெளிவாகக் கிடைக்காது. இந்த ஒரு வகைக்கு ஆழமூச்சு அநேகமாக வலிப்பை வரவழைத்துவிடும், அதனால்தான் கிடைத்தது. பொதுவாக, வலிப்பு நோய் உள்ளவர்களிலும் முதல் ஈ.ஈ.ஜி.யில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான் அடையாளம் தெரியும். திரும்பத் திரும்ப எடுத்தால், தூக்கத்தோடு சேர்த்து எடுத்தால், தெரிகிறவர் தொகை கூடும். அதுபோல வலிப்பே வராத சில பிள்ளைகளின் ஈ.ஈ.ஜி.யிலும் கூர் அலைகள் இருக்கும். ஆகவே "ஈ.ஈ.ஜி. நோர்மல், பிள்ளைக்கு ஒன்றுமில்லை" என்று மருந்தை நிறுத்துவதும் பிழை, அறிக்கையில் ஒரு வார்த்தையைக் கண்டுவிட்டு இடிந்துபோவதும் பிழை. அறிக்கை கையில் கிடைத்ததும் கூகுளில் தேடாமல் கிளினிக் வரை பொறுப்பது கஷ்டம். ஆனால் அந்த அறிக்கைக்குக் கதை தெரியாது, கிளினிக் டொக்டருக்குத் தெரியும்.

எம்.ஆர்.ஐ. கேட்கும் கேள்வி வேறு. மூளையின் அமைப்பில் வடு, கட்டி, பிறவிக் குறைபாடு, பிறக்கும்போது மூச்சுத் திணறியதன் அடையாளம் ஏதும் இருக்கிறதா என்பதை அது பார்க்கும். வலிப்பு ஒரு இடத்தில் தொடங்குகிறது, வளர்ச்சி பின்தங்குகிறது, ஒரு பக்கம் பலவீனம் என்றால் அது தேவைப்படும். என் மகளுக்கு இருந்த வகைக்கு, அடையாளங்கள் எல்லாம் பொருந்தினால், எம்.ஆர்.ஐ. வழக்கமாகத் தேவைப்படுவதில்லை. எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு கிடையாது, காந்தமும் ரேடியோ அலையும்தான். சி.ரி. ஸ்கேனில் எக்ஸ்ரே கதிர் உண்டு, ஆனால் விரைவாக முடியும், அடிபட்ட அவசரத்துக்கு அதுதான் உதவும். எம்.ஆர்.ஐ. மெஷின் பெரிய சத்தம் போடும், பிள்ளை அசையவே கூடாது, அதனால் சின்னவர்களுக்கு மயக்க மருந்து. அதற்காக வெறும் வயிறு: பொதுவாகச் சாப்பாடு 6 மணித்தியாலத்துக்கு முன், தாய்ப்பால் 4 மணித்தியாலத்துக்கு முன் நிறுத்தச் சொல்வார்கள். அழுகிறானே என்று ஒரு பிஸ்கட் கொடுத்தால் அன்றைய நாளே வீணாகலாம். காந்த அறை என்பதால் காப்பு, தோடு, அரைஞாண், கழுத்தில் கட்டிய தகட்டுக் கூடு எல்லாம் கழற்ற வேண்டும். தகட்டைக் கழற்ற அம்மம்மா சம்மதிக்க மாட்டார் என்றால் முதல் நாளே பேசிவிடுங்கள், அறை வாசலில் வைத்துச் சண்டை வேண்டாம்.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பதென்றால் பலர் கையெழுத்திட மறுப்பார்கள். கால் இழுத்துவிடும் என்ற பயம். முள்ளந்தண்டு நாண் முடிகிற இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசி போகிறது. மூளைக்காய்ச்சல் சந்தேகம் வரும்போது, விசேஷமாக ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையில், அந்த நீர் சொல்வதை வேறெந்தச் சோதனையும் சொல்லாது. மறுப்பதால் வரும் ஆபத்து ஊசியால் வருவதைவிட மிகப் பெரியது.

பார்வை, ஓதல், கற்பூரம்

பிள்ளை விழுந்தால் எங்கள் ஊரில் பார்வை பார்ப்பார்கள், நாவூறு கழிப்பார்கள், தண்ணீர் ஓதிக் கொடுப்பார்கள், நூல் கட்டுவார்கள். அதில் வீட்டுப் பெரியவர்களுக்கு மன ஆறுதல் இருக்கிறது, அந்த ஆறுதலும் ஒரு வீட்டுக்குத் தேவை. டொக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாத வரை நான் அதோடு சண்டை பிடிக்க மாட்டேன். சண்டை பிடிக்க வேண்டிய இடங்கள் வேறு. வலிப்பு நடக்கும்போது வாய்க்குள் கரண்டி வைக்கக் கூடாது, விரலை விடக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது, கையில் திறப்புக் கொத்தைத் திணிப்பதில் பலன் இல்லை. பிள்ளையைப் பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, இடையில் தெளியாமல் ஒன்றன்பின் ஒன்றாக வந்தாலோ 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்க வேண்டும்.

கற்பூரத்தைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது பலருக்குத் தெரியாது. கற்பூரம் மூளையைத் தூண்டி வலிப்பை வரவழைக்கக் கூடிய பொருள். பிள்ளை தவறிப்போய்ச் சிறு கட்டி விழுங்கினாலும், தடிமனுக்கென்று கற்பூர எண்ணெயைச் சின்ன உடம்பில் அதிகமாகத் தேய்த்தாலும் வலிப்பு வந்திருக்கிறது. யூக்கலிப்டஸ் எண்ணெயிலும் அதே அபாயம் உண்டு. சாமியறைக் கற்பூர டப்பா பிள்ளைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். பரிகாரியாரிடம் வாங்கிக் கொடுத்த கசாயம், தேய்த்த எண்ணெய், மூக்கில் விட்டது எல்லாவற்றையும் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஏசுவாரோ என்று பயந்து மறைத்தால், இல்லாத நோய்க்குப் பிள்ளை மருந்து குடிக்க நேரிடும்.

பெயர் கிடைத்த பிறகு

நோயின் வகை சரியாகத் தெரிய வேண்டும் என்று இவ்வளவு பாடுபடுவது எதற்கு? மருந்து வகையைப் பொறுத்து மாறுகிறது என்பதற்காக. ஓர் இடத்தில் தொடங்கும் வலிப்புக்கு நன்றாக வேலை செய்கிற கார்பமசபின், என் மகளுக்கு இருந்தது போன்ற நினைவு தவறும் வலிப்பைக் கூட்டிவிடக் கூடியது. இந்த இரண்டு வகைப் பிள்ளைகளும் "வெறிச்சுப் பார்க்கிறது" என்றுதான் கிளினிக்குக்கு வருவார்கள். முன்னால் வயிற்றில் ஏதோ செய்வதாகச் சொன்னதா, வாயைச் சப்புக்கொட்டியதா, முடிந்தபின் களைத்துத் தூங்கியதா, எத்தனை விநாடி என்ற விபரங்கள்தான் இருவரையும் பிரிக்கின்றன. வீட்டார் கண்ட கதை, இப்படித்தான் மருந்துப் போத்தல் வரை வந்து நிற்கிறது.

சரியான மருந்து ஒழுங்காகக் கிடைத்தால் வலிப்பு நோயுள்ளவர்களில் 100 க்கு 70 பேர் வரை வலிப்பில்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் நாட்டில் அரசாங்க கிளினிக்கில் மருந்து இலவசம். 2022 இல் நாடு நொடித்தபோது மருந்துக்குத் தட்டுப்பாடு வந்ததை யாரும் மறக்கவில்லை. அதனால் போத்தல் அடிதட்டும் வரை காத்திருக்காமல், ஒரு கிழமைக்காவது மிச்சம் இருக்கும்போதே கிளினிக்குக்குப் போவது நல்லது. பாணியை மேசைக்கரண்டியால் அளக்காமல் ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். வலிப்பு நின்றுவிட்டது என்று தாமாக மருந்தை நிறுத்துவதுதான் பிள்ளையை மறுபடி வாட்டுக்குக் கொண்டுவரும் பெரிய காரணங்களில் ஒன்று. வழக்கமாக இரண்டு வருடம் போல வலிப்பில்லாமல் இருந்த பிறகே குறைப்பதைப் பற்றி டொக்டர் யோசிப்பார், அதுவும் படிப்படியாக. சில பிள்ளைகளுக்கு வயதோடு நோயே விட்டுப்போகும். சில பிள்ளைகளுக்குக் காரணம் கடைசிவரை தெரியாது, பரம்பரையணுச் சோதனைவரை போக வேண்டியும் வரலாம். மச்சான் மச்சினி முறையில் சொந்தத்துக்குள் முடித்த கலியாணமா என்று டொக்டர் கேட்டால் கோபிக்க வேண்டாம். சில அரிய நோய்கள் அப்படியான குடும்பங்களில் கூடுதலாக வருவதால் கேட்கிறார், பழி சொல்லக் கேட்கவில்லை.

மிகக் கஷ்டமான பகுதி வீட்டுக்கு வெளியே இருக்கிறது. பெண் பிள்ளை என்றால் "வெளியில சொல்லிப்போடாதிங்க, நாளைக்குக் கலியாணம் பேச வேணும்" என்று ஐந்து வயதிலேயே சொல்லத் தொடங்கிவிடுவார்கள். ஊர் எப்படிப் பேசும் என்று எனக்கும் தெரியும், அந்தப் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனாலும் நேர்சரி ரீச்சருக்குச் சொல்லாமல் விட முடியாது. வாவிக் கரையிலும் கடற்கரையிலும் வளரும் பிள்ளைகள், கிணற்றடியில் குளிக்கும் பிள்ளைகள். தண்ணீருக்குள் பத்து விநாடி நினைவு தவறினாலே போதும். யாருக்குச் சொல்வது என்பதைத் தாயும் தகப்பனும் இருந்து பேசி முடிவெடுக்கட்டும். பிள்ளையைத் தனியே விட்டுக் கவனிக்கிற ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

நாங்கள் ரீச்சரிடம் கொடுத்தது ஒரு கொப்பித் தாள். மகளுக்கு என்ன நடக்கும், எவ்வளவு நேரம், அப்போது அவளை ஏசக் கூடாது, முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும், தண்ணீர்ப் பக்கம் தனியே விடக் கூடாது, ஒரு நாளில் எத்தனை தடவை வந்தது என்று தாளின் பின்பக்கத்தில் கோடு போட வேண்டும். ரீச்சர் கோடு போட்டார், மாமி வீட்டில் போட்டார். அடுத்த கிளினிக்கில் டொக்டர் மருந்தின் அளவைக் கூட்டியது அந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான்.